வெற்றிப் பாலத்தில் விழுந்த விரிசல்

1943 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் இரவு, ஈரானின் தலைநகரான தெஹ்ரானில் உள்ள பிரிட்டிஷ் தூதரகத்தில் ஒரு விருந்து நடைபெற்றது. பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு அன்று அறுபத்தொன்பதாவது பிறந்த நாள். அவருக்கு ஒரு புறம் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அமர்ந்திருந்தார்; மறுபுறம் சோவியத் தலைவர் ஸ்டாலின். ஒருவரையொருவர் வாயாரப் புகழ்ந்தனர். அதற்கு முந்தின நாள்தான், ஸ்டாலின்கிராட் நகர மக்களின் வீரத்தைப் பாராட்டி ஆங்கிலேய மன்னர் அனுப்பியிருந்த வாளைச் சர்ச்சில் வழங்க, ஸ்டாலின் அதனை முத்தமிட்டுப் பெற்றுக்கொண்டார்.

இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும் கழிந்தன. 1946 மார்ச் மாதத் தொடக்கத்தில் அதே ஈரானின் வடபகுதியில் சோவியத் டாங்கிகள் அணிவகுத்து நகர்ந்தன. அதே மாதம் 5 ஆம் நாள், பதவியிழந்திருந்த சர்ச்சில் அமெரிக்காவின் ஃபுல்டன் நகரில் நின்று, ஐரோப்பாவின் குறுக்கே ஓர் இரும்புத் திரை விழுந்துவிட்டதாக உலகுக்கு அறிவித்தார். அன்று முத்தமிடப்பட்ட வாளின் பளபளப்பு மங்குமுன்பே நட்பு மங்கிவிட்டது!

தோள் சேர்ந்து போரிட்டவர்கள் போர் முடிந்ததும் பகைவரானது எப்படி? இந்த வினாவுக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் பெர்லினையே நோக்குகின்றனர். ஆனால் அந்த நட்பில் முதன்முதலாக உலகறிய விரிசல் கண்ட இடங்களுள் தலையாயது ஒரு முஸ்லிம் நாடு. அந்நாட்டு மக்கள் அந்த நட்புக்கும் விலை கொடுத்தார்கள். அந்தப் பகைக்கும் விலை கொடுத்தார்கள். ஆகவே இந்த வரலாற்றை நாம் ஈரான் மண்ணில் நின்றே காண்போம்.

அச்சம் சேர்த்து வைத்த நட்பு

பிரிட்டனும் ரஷ்யாவும் என்றுமே மனமொத்த நண்பர்களாக இருந்ததில்லை. 1907 இல் அவ்விரு பேரரசுகளும் ஈரானை அதன் மக்களைக் கேளாமலேயே வரைபடத்தில் பங்கிட்டு, வடக்கு ரஷ்யாவின் செல்வாக்குக்கும் தென்கிழக்கு பிரிட்டனின் செல்வாக்குக்கும் உரியவை என எழுதிக்கொண்டன. 1917 இல் ரஷ்யாவில் புரட்சி நிகழ்ந்தபின், புரட்சி அரசை எதிர்த்தவர்களுக்குத் துணையாக பிரிட்டனும் அமெரிக்காவும் படை அனுப்பின. அந்த அரசைத் தொட்டிலிலேயே ஒழித்துவிட வேண்டுமென்று முனைந்து நின்றவர்களுள் ஒருவர் சர்ச்சில். மறுபுறம் ஸ்டாலினோ 1939 ஆகஸ்டில் ஹிட்லருடனேயே உடன்படிக்கை செய்துகொண்டு, போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டவர்.

இத்தகையோரை ஒன்றுசேர்த்தவன் ஹிட்லர். 1941 ஜூன் 22 ஆம் நாள் ஜெர்மன் படைகள் சோவியத் எல்லைக்குள் புகுந்தன. அன்றிரவே சர்ச்சில் வானொலியில் தோன்றி ரஷ்யாவுக்கு உதவி அறிவித்தார். கொள்கை மாறிவிடவில்லை, உள்ளமும் மாறிவிடவில்லை. அச்சம் ஒன்றே இருவருக்கும் பொதுவாயிற்று. அந்த அச்சத்தின் மீதுதான் மாபெரும் கூட்டணி எழுப்பப்பட்டது.

அழையாமல் நுழைந்த விருந்தினர்

ரஷ்யாவுக்கு ஆயுதமும் உணவும் அனுப்ப வழி வேண்டும். வடகடல் வழியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் காத்திருந்தன. பாரசீக வளைகுடாவிலிருந்து காஸ்பியன் கடல் வரை, மலைகளைக் குடைந்து சென்ற ஈரானிய இரயில் பாதை அவர்களின் கண்ணில் பட்டது. 1938 இல் நிறைவுற்ற அந்த இரயில் பாதையின் நீளம் சுமார் 1400 கிலோமீட்டர். அயல்நாட்டுக் கடன் வாங்காமல், தேயிலைக்கும் சர்க்கரைக்கும் வரி விதித்துத் திரட்டிய பணத்தில் அமைந்தது அது. ஏழை ஈரானியனின் ஒவ்வொரு கோப்பைத் தேநீரும் அந்தத் தண்டவாளத்துக்குப் பங்களித்திருந்தது!

போரில் ஈரான் நடுநிலை அறிவித்திருந்தது. ஆயினும் அங்கிருந்த ஜெர்மானியரைக் காரணம் காட்டி, 1941 ஆகஸ்ட் 25 அன்று வடக்கிலிருந்து சோவியத் படையும் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் பிரிட்டிஷ் படையும் உள்ளே நுழைந்தன. பிரிட்டிஷ் கொடியின்கீழ் வந்த வீரர்களுள் பெருந்தொகையினர் நம் இந்தியப் படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்களே. முதல் நாளிலேயே ஈரானியக் கடற்படைத் தளபதி பாயந்தர் உயிரிழந்தார். சில நாட்களில் எதிர்ப்பு ஓய்ந்தது. செப்டம்பர் 16 இல் மன்னர் ரிஸா ஷா முடிதுறந்தார். அவருடைய இருபத்தொரு வயது மகன் முஹம்மத் ரிஸா அரியணை ஏறினார். முடியிழந்த தந்தை மொரீஷியஸ் தீவுக்கும், பின்னர் தென்னாப்பிரிக்காவுக்கும் அனுப்பப்பட்டு, 1944 இல் ஜோஹன்னஸ்பர்க்கில் உயிர்நீத்தார்.

அந்தப் பாதை வழியே போர்க்காலத்தில் நாற்பது இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட பொருள்கள் ரஷ்யாவுக்குச் சென்றன. பின்னாளில் அமெரிக்கப் படையினரும் முப்பதாயிரம் பேரளவில் வந்து சேர்ந்தனர். நேச நாடுகள் ஈரானுக்கு “வெற்றிப் பாலம்” என்று பெயர் சூட்டின.

பாலத்தின் மீது நடந்தவர்கள் வெற்றியை எண்ணினார்கள். பாலமாய்க் கிடந்தவர்களோ பசியை எண்ணினார்கள். இரயில் பெட்டிகளும் லாரிகளும் போர்ச் சரக்குக்கே சென்றதால், உள்நாட்டில் தானியம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்ல வழியின்றி நின்றது. விலைவாசி விண்ணை முட்டியது, பதுக்கல் பெருகியது. 1942 டிசம்பரில் தெஹ்ரான் வீதிகளில் ரொட்டி கேட்டு எழுந்த மக்கள் கலகத்தில் உயிர்கள் பலியாயின. பஞ்சத்தைத் தொடர்ந்து டைபஸ் என்னும் கொள்ளைக் காய்ச்சலும் பரவியது.

ஒரு தேதியின் வலிமை

இந்த இருளிலும் ஈரானிய அரசியல்வாதிகள் ஒரு நற்காரியம் செய்தார்கள். 1942 ஜனவரி 29 இல் பிரிட்டனுடனும் சோவியத் யூனியனுடனும் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள். ஈரானின் சுதந்திரத்தையும் எல்லைகளையும் மதிப்பதாகவும், போர் ஓய்ந்த ஆறு மாதங்களுக்குள் படைகளைத் திரும்பப் பெறுவதாகவும் இரு வல்லரசுகளும் அதில் ஒப்பமிட்டன. 1943 டிசம்பர் முதல் நாளன்று, அந்தப் பிறந்த நாள் விருந்துக்கு மறுநாள், அமெரிக்காவும் சேர்ந்து ஈரானின் சுதந்திரத்தை மதிப்பதாக மூவரும் மீண்டும் அறிக்கை வெளியிட்டனர்.

எளியவனின் கையில் படை இல்லை. ஒரு காகிதம் இருந்தது. அந்தக் காகிதத்தில் ஒரு தவணை இருந்தது. 1945 செப்டம்பர் 2 இல் ஜப்பான் சரணடைந்து போர் முற்றுப்பெற்றது. அதிலிருந்து ஆறு மாதம் என்றால் 1946 மார்ச் 2. உலகின் கண்கள் அந்த நாளை நோக்கித் திரும்பின.

விரிசல்

விரிசல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1943-44 ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ், அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிகள் ஈரானில் புதிய எண்ணெய் உரிமை கேட்டுத் தூது விட்டன. 1944 இலையுதிர் காலத்தில் சோவியத் அரசும் தன் துணை அமைச்சர் காவ்தாராட்ஸேயை அனுப்பி, வடக்கே எண்ணெய் உரிமை கேட்டது. ஹிட்லர் இன்னும் வீழவில்லை. அதற்குள் நண்பர்களின் பார்வை எதிரியை விட்டு எண்ணெய்க் கிணறுகளின் மீது விழுந்துவிட்டது. அந்நியர் எவருடனும் அரசு எண்ணெய் உரிமைப் பேரம் பேசக் கூடாது என்று 1944 டிசம்பரில் ஒரு சட்டத்தை மஜ்லிஸில் கொண்டுவந்து நிறைவேற்றினார் ஓர் உறுப்பினர். அவர்தாம் முஹம்மத் முஸத்திக்.

அதே ஆண்டு அக்டோபரில் மாஸ்கோவில் சர்ச்சிலும் ஸ்டாலினும் ஒரு துண்டுக் காகிதத்தில் கிழக்கு ஐரோப்பாவைப் பங்கிட்டார்கள். ருமேனியாவில் தொண்ணூறு பங்கு ரஷ்யாவுக்கு, கிரீஸில் தொண்ணூறு பங்கு பிரிட்டனுக்கு என்று எண்களால் எழுதிக்கொண்டனர். அந்த எண்களுக்குப் பின்னே இலட்சோப இலட்சம் மனிதர்கள் இருந்தனர்.

ரஷ்யாவின் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். அந்நாடு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்களைப் போரில் இழந்திருந்தது. மேற்கே இரண்டாவது போர்முனையைத் திறக்குமாறு ஸ்டாலின் ஆண்டுக்கணக்கில் வற்புறுத்தியும், 1944 ஜூன் 6 இல்தான் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸில் பெருமளவில் கரையிறங்கின. தம் குருதியைக் கொட்டவிட்டு மற்றவர்கள் காத்திருந்ததாக ரஷ்யர்கள் கருதினார்கள். 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் மறைந்தார். ஜூலையில், பாட்ஸ்டாம் மாநாட்டின் இடையே, புதிய தலைவர் ட்ரூமன் பேரழிவு ஆயுதம் ஒன்று தம்மிடம் இருப்பதைப் போகிற போக்கில் ஸ்டாலின் காதில் போட்டார். சில நாட்களில் ஹிரோஷிமா எரிந்தது. ஒருவர் தற்காப்பு என்று எண்ணிச் செய்தது மற்றவருக்கு மிரட்டலாகத் தெரிந்தது. ஐயம் ஐயத்தை ஈன்றது.

1945 டிசம்பரில் ஈரானின் அஸர்பைஜான் மாகாணத்தில், சோவியத் படைகளின் நிழலில், தப்ரேஸ் நகரைத் தலைநகராகக் கொண்டு தன்னாட்சி அரசு ஒன்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, அங்கெழுந்த கிளர்ச்சியை அடக்கச் சென்ற ஈரானியப் படையைச் சோவியத் படை கஸ்வீன் அருகே மறித்துத் திருப்பியிருந்தது. அடுத்த மாதம் மஹாபாதில் குர்துகளின் குடியரசும் எழுந்தது. தம் மொழிக்கும் உரிமைக்கும் ஏங்கியிருந்த மக்களின் உண்மையான குறைகளும் அவ்வெழுச்சிகளில் இருந்தன. அந்தக் குறைகளை வல்லரசு தன் பேரத்துக்குப் பகடையாக்கிக் கொண்டது.

மார்ச் 2 வந்தது. அமெரிக்கப் படை முன்னரே போய்விட்டது; பிரிட்டிஷ் படையும் போயிற்று. சோவியத் படை போகவில்லை. அப்போதுதான் பிறந்திருந்த ஐ.நா. பாதுகாப்புச் சபையின் முன் வந்த முதல் முறையீடு ஈரானுடையதே. அதன் தூதர் ஹுஸைன் அலா, ஒப்பந்தத்தையும் அதிலிருந்த தவணையையும் எடுத்துக்காட்டி வாதாடினார். மார்ச் 27 இல் சோவியத் பிரதிநிதி குரோமிக்கோ சபையை விட்டு வெளியேறினார். வெற்றி விழாவின் ஈரம் காயுமுன் நண்பர்கள் உலகின் முன்னிலையில் எதிரெதிரே நின்றார்கள்.

எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

ஈரானியப் பிரதமர் கவாம், முதுபெரும் அரசியல்வாதி. மாஸ்கோ சென்று பேசினார். வடக்கே கூட்டு எண்ணெய்க் கம்பெனிக்கு இசைந்தார். ஆனால் மஜ்லிஸ் ஒப்புதல் தரவேண்டும் என்ற நிபந்தனையையும் எழுதிவைத்தார். ஒரு புறம் இந்தப் பேரம், மறுபுறம் சபையில் எழுந்த கண்டனமும் அமெரிக்க நெருக்கடியும் சேர்ந்து, 1946 மே மாதத்தில் சோவியத் படைகள் வெளியேறின. ஆண்டு முடிவில் தப்ரேஸ் அரசும் மஹாபாத் அரசும் வீழ்ந்தன. குர்துத் தலைவர் காஸி முஹம்மத் 1947 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார். தூண்டிவிட்ட வல்லரசு தன் வழியே போயிற்று; அதனை நம்பியவர்கள் கழுத்தைக் கொடுத்தார்கள். 1947 அக்டோபரில் எண்ணெய் ஒப்பந்தம் மஜ்லிஸின் முன் வந்தபோது, 102 வாக்குகள் எதிர்த்தும் 2 வாக்குகள் ஆதரித்தும் விழ, அது நிராகரிக்கப்பட்டது.

கதை இத்துடன் இனிதே முடிந்துவிடவில்லை. 1947 மார்ச் 12 இல் ட்ரூமன், கிரீஸுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் உதவி வேண்டித் தம் நாட்டுப் பேரவையில் உரையாற்றினார். வல்லரசுப் போட்டி வெளிப்படையாயிற்று. ஈரான் வடக்கேயிருந்த வல்லரசுக்கு அஞ்சித் தொலைவிலிருந்த வல்லரசைச் சார்ந்தது. 1951 இல் முஸத்திக் பிரதமராகி, பிரிட்டிஷ் கம்பெனியின் கையிலிருந்த எண்ணெயை நாட்டுடைமையாக்கும் சட்டத்தைச் செயற்படுத்தினார். 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு நிறுவனங்களின் துணையுடன் நடந்த சதியில் அவருடைய ஆட்சி கவிழ்க்கப்பட்டது. அமெரிக்க உளவு நிறுவனமே தன் பங்கினை 2013 இல் வெளியான ஆவணங்களில் ஒப்புக்கொண்டது. 1954 இல் அமைந்த எண்ணெய்க் கூட்டமைப்பில் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு நாற்பது விழுக்காடு கிடைத்தது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

ஆறு கடக்கும் வரை

“ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பின் நீ யாரோ, நான் யாரோ” என்பது நம் முன்னோர் வழக்கு. இது 1945 இல் மட்டும் நிகழ்ந்ததன்று. 1912 இல் பல்கேரியா, செர்பியா, கிரீஸ், மாண்டினீக்ரோ ஆகியவை உஸ்மானியப் பேரரசுக்கெதிராக ஒன்றுசேர்ந்து வென்றன. 1913 மே 30 இல் இலண்டனில் சமாதானம் எழுதப்பட்டது. ஒரு மாதம் நிறையுமுன், மாஸிடோனியாவை யார் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்ற சச்சரவில் பல்கேரியா தன் கூட்டாளிகளையே தாக்கியது. அந்தக் குழப்பத்தில் துருக்கியர் எதிர்னே நகரை மீட்டுக்கொண்டனர்.

காரணம் வெளிப்படை. பொது எதிரி இருக்கும்போது கூட்டாளிகளின் உள்வேற்றுமைகள் தீர்வதில்லை, ஒத்திவைக்கப்படுகின்றன. எதிரி வீழ்ந்ததும் ஒத்திவைத்த கணக்குகள் எல்லாம் ஒரே நாளில் மேசைக்கு வருகின்றன. அவன் விட்டுச்சென்ற வெற்றிடமோ இருவருக்கும் நடுவே திறந்து கிடக்கிறது. நாம் புகாவிட்டால் அவன் புகுந்துவிடுவான் என்ற அச்சம் இருவரையும் உந்துகிறது. அச்சத்தால் கூடியவர்கள் அச்சத்தாலேயே பிரிகிறார்கள்.

இதனை வல்லரசுகளின் குணம் என்று சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ள இயலுமா? 1989 பிப்ரவரியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறின. 1992 ஏப்ரலில் காபூல் போராளிகளின் கைக்கு வந்தது. உலக முஸ்லிம்கள் மகிழ்ந்தனர். ஆனால் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுத அந்தக் குழுக்களே பதவிக்காக ஒன்றையொன்று தாக்கின. 1993 மார்ச்சில் இஸ்லாமாபாதில் சமாதானம் எழுதி, புனித மக்காவுக்கும் சென்று அதனை உறுதிசெய்தார்கள். திரும்பியபின் காபூல் மீது மீண்டும் ராக்கெட்டுகள் விழுந்தன. அந்நியன் இடிக்காமல் விட்ட வீடுகளைச் சகோதரர்கள் இடித்தார்கள். இதனை எழுதும்போது பேனா கூசுகிறது. எழுதாமல் விடுவதோ நேர்மையன்று.

நம் ஊர்களில் மட்டும் என்ன வாழ்கிறது? பக்கத்து நிலத்துக்காரனோடு வழக்காடும்வரை ஒன்றாய் நிற்கும் அண்ணன் தம்பிகள், தீர்ப்பு வந்த மறுநாள் வரப்புக்காக அடித்துக்கொள்வதை நாம் காணவில்லையா? பழைய நிர்வாகத்தை இறக்கும்வரை ஒரே அணியாயிருந்தவர்கள், சாவி கைக்கு வந்ததும் இரண்டு ஜமாஅத்தாகப் பிரிவதைக் காணவில்லையா?

நமக்கு முன்னுள்ள வழி

அண்ணல் நபி (ஸல்) அவர்கள், நபித்துவத்திற்கு முன்னர், இளமைப் பருவத்தில் மக்காவில் ஓர் உடன்படிக்கையில் கலந்துகொண்டார்கள். வெளியூர் வணிகர் ஒருவரிடம் சரக்கு வாங்கிய மக்காப் பெரும்புள்ளி பணம் தர மறுத்தபோது, அநீதிக்குள்ளானவர் எவராயினும் அவருக்காக ஒன்றாய் நிற்போம் என்று அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் செய்யப்பட்ட ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ அது. இஸ்லாம் வந்த பிறகும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்று பெருமானார் அவர்கள் அதனைப் போற்றினார்கள். அது எவருக்கெதிராகவும் கூடிய கூட்டணியன்று, நீதிக்காகக் கூடியது. எதிரி வீழ்ந்துபோகலாம்; நீதியின் தேவை ஒருநாளும் தீர்ந்துபோவதில்லை. ஆகவே அதன் மீது எழுந்த நட்புக்குக் காலாவதியும் இல்லை.

ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை எழுதப்பட்டுக் கொண்டிருந்த வேளையில், விலங்குகளை இழுத்துக்கொண்டு அபூஜந்தல் (ரலி) அவர்கள் அடைக்கலம் தேடி வந்தார்கள். சஹாபாக்களின் நெஞ்சம் பதறியது. ஆயினும் கொடுத்த வாக்கின்படி அவரைப் பொறுமை காக்கச் சொல்லி மக்கத்தாரிடமே திருப்பியளித்தார்கள் பெருமானார் அவர்கள். வாக்கு இனிக்கும்போது காப்பவர் பலர். கசக்கும்போது காப்பதே மார்க்கம். மார்ச் 2 என்ற ஒரு தேதியைக் காக்க இயலாத வல்லரசையும், இந்த நிகழ்ச்சியையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், தவணை குறித்த கடனை எழுதிவைப்பது பற்றியதாக இருப்பதையும் எண்ணிப் பாருங்கள். ஈரானை அன்று காத்தவற்றுள் ஒன்று, எழுதிவைத்த ஒரு தவணையன்றோ? நம் வீட்டுப் பாகப்பிரிவினையானாலும், கூட்டு வணிகமானாலும், ஊர்ப் பொதுக் காரியமானாலும், அன்பு இருக்கும்போதே பேசி எழுதிக்கொள்வோம். யாரை எதிர்க்கிறோம் என்பதோடு நில்லாமல், எதற்காகச் சேர்ந்தோம் என்பதனையும் அந்த ஏட்டின் முதல் வரியில் எழுதுவோம்.

அச்சத்தால் அன்றி நீதியால் ஒன்றுபடும் நற்பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.